துமேலி என்ற சொல்லைக் குறித்துக் கூகைக்கணவாய் விடுத்த ஓலை

செவ்வரை நாடு செழிக்க. அதன் ஏழு ஆறுகளும் கரைக்குள்ளேயே ஓடுக. அரியணை அமர்ந்த நெடுங்கோ வேள் அடிகள் நோயின்றி, பகையின்றி, உறக்கம் குறையாமல் வாழ்க. பொன்னிலை மாநகரில் அரசவையின் வலக்கையாய் அமர்ந்து, ஒரு சொல்லால் படையை நகர்த்தி மறு சொல்லால் நிறுத்தும் பேரமைச்சர் மருதங்கண்ணனார் திருமுன்புக்கு, வட எல்லைக் கூகைக்கணவாய்க் காவல் தலைவன் கண்டன் பூதி, இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேயே கிடப்பவன், தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை.

எல்லைக் காவலன் விடுக்கும் ஓலையில் நான் என்று எழுதலாகாது என்பது பழைய அரசர் காலத்துக் கட்டளை. ஆகவே பூதி என்று வருமிடமெல்லாம் இதை விடுக்கும் கிழவனையே குறிக்கும் என்று கொள்க. பூதிக்குத் தன் பேரை வாசிக்கும் அளவுக்கே எழுத்து தெரியும். ஏட்டில் கீறுபவன் எழுத்தர் நக்கன். அவனுக்கு நடுநடுவே பூச்சூட்டி எழுதும் பழக்கம் உண்டு. வாழ்த்தோடு நிறுத்திக்கொள், செய்திக்குள் கை வைக்காதே என்று பூதி சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு ஏட்டையும் மூன்று முறை வாசிக்கச் சொல்லி, மூன்றும் ஒன்றுபோல் இருந்தால்தான் அடுத்த ஏட்டை எடுக்க விடுகிறான். சாட்சி சொன்னவர்கள் வாக்கை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுவதும் இக்கணவாய் வழக்கம். அதில் மரியாதைக் குறைவு தென்பட்டால் பேரமைச்சர் பொறுத்தருள்க.

வடமலை ஒற்றன் என்று சிறைப்பட்ட மலையான் ஒருவனை அமாவாசைக்குள் மதில்மேலிருந்து தள்ளிவிடுக என்று தாங்கள் அனுப்பிய கட்டளை முறையாக வந்து சேர்ந்தது. அது நடக்கவில்லை. அமாவாசை போய் இன்றோடு மூன்று நாள். நடக்காததற்குக் காரணம் மறதி அன்று, அச்சமும் அன்று. அதைச் சொல்லவே இந்த ஓலை.

மலையான் பிடிபட்டது ஆனி மாதத்தில். கணவாய்க்குக் கிழக்கே, பெரும்பள்ளத்துக்கு அப்பால், நெட்டைப்பாறை என்று ஒரு செங்குத்துப் பாறை நிற்கிறது. கோட்டை முற்றத்திலிருந்து பார்த்தால் இரண்டு கூப்பிடுதூரம். பள்ளத்தைச் சுற்றி நடந்தால் அரைநாள் வழி. காவலன் விண்ணன் இரண்டு பேரோடு அந்தப் பக்கம் போனபோது, பாறை உச்சியில் ஒருவன் குந்தியிருந்து, பள்ளத்தைப் பார்த்து ஒரே சொல்லைக் கூவுவதும் பொறுப்பதும் மறுபடி கூவுவதுமாக இருந்தான். துமேலி என்பதே அந்தச் சொல். அவன் பக்கத்தில் ஒரு மரத்தில் கொடியால் முறுக்கிய கயிறு, ஆள் கைப் பருமனில், கட்டப்பட்டுப் பாறைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் பேரமைச்சர் எங்கள் பிழைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். கூகைக்கணவாயில் ஒன்பது காவல் மேடைகள். முதல் மேடைக்காரன் கூவ, இரண்டாமவன் வாங்கிக் கூவ, ஒன்பதாம் மேடை வரைக்கும் குரல் போய்த் திரும்பினால்தான் காவல் சரி. எங்களுக்குத் தெரிந்த கூவல் அது ஒன்றுதான். பகைவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன் காதில் வேறு எந்தக் கூவலும் அப்படித்தான் விழும். கீழே படை நிற்கிறது, இவன் மேலே ஏறச் சொல்லிக் கூவுகிறான் என்று விண்ணன் முடிவு கட்டினான். எட்டிப் பார்த்தான். பாறை உள்வாங்கியிருந்தபடியால் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வெட்டில் கயிற்றை அறுத்துப் பள்ளத்தில் விட்டான். கூவினவன் அவன் கையைக் கடித்தான், காலைக் கட்டிக்கொண்டான், அழுதான். கட்டித் தூக்கி வந்துவிட்டார்கள்.

பூதி விண்ணனை மெச்சினான். தன் கையில் இருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டான். நூறு பேர் ஏறியிருப்பார்கள், விண்ணன் கத்தி தடுத்தது என்று தங்களுக்கு ஓலையும் விட்டான். அந்த நூறு பேரைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை.

முற்றத்துக் கல்தூணில் மலையானைச் சங்கிலியிட்டோம். அவன் பேச்சு இங்கே ஒருவருக்கும் புரியாது, எங்கள் பேச்சு அவனுக்கும் புரியாது. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை நெட்டைப்பாறைப் பக்கம் முகத்தை வைத்து அந்தச் சொல்லையே கூவினான். கஞ்சி கொண்டுபோனவன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். பாறையைக் காட்டினான், தன் நெஞ்சைக் காட்டினான், மறுபடி பாறையைக் காட்டினான். என் ஆட்கள் வருவார்கள், உங்களைத் தொலைத்துவிடுவார்கள் என்று மிரட்டுகிறான் என்றே பூதி எண்ணினான். ஒரு பகல் முழுதும் அவன் வாயைத் துணியால் கட்டிவைத்ததும் பூதிதான். பன்னிரண்டாம் நாள் காலையில் மலையான் தானாகவே கூவுவதை நிறுத்திவிட்டான். தொண்டை தோற்றுப்போயிற்று என்று காவலர் சிரித்தார்கள். பூதியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். இதை எழுத வேண்டாமே என்று நக்கன் கேட்டான். எழுது என்று பூதி சொன்னான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் கணவாயில் ஈ காக்கை நடமாடாது. காவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்கள். தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், பூதி வந்தால் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வார்கள். பூதியின் மனைவி இவ்விடம் வந்த ஒன்பதாம் ஆண்டில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு பூதி வாயிலிருந்து வருவதெல்லாம் ஆணைதான். ஆணைக்குப் பதில் பேச்சு கிடையாது. அந்த மழையில் பூதி தன் மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு மலையான் எதிரில் போய் உட்கார்ந்து தின்னத் தொடங்கினான். ஒற்றனைக் கண்காணிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மலையான் தின்னும்போது ஊமையாகத் தின்பான். பூதியும் அப்படியே. இரண்டு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது, ஒருவன் தனியாகப் பேசாமல் இருப்பதைப்போல் அவ்வளவு கனமாக இல்லை.

அந்தச் சொல் மட்டும் பூதியை அரித்தது. வேல் ஒன்றை எடுத்துக் காட்டித் துமேலி என்றான், மலையான் பார்க்கவேயில்லை. நெருப்பைக் காட்டினான், வாசலைக் காட்டினான், கொடியைக் காட்டினான், ஒன்றுக்கும் அசையவில்லை. நெட்டைப்பாறையைக் காட்டிச் சொன்னபோது துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். படையின் பேராக இருந்தால் அதைக் கேட்டு முகம் மலர வேண்டும். இவன் ஏன் மூடிக்கொள்கிறான் என்று பூதி யோசித்தான். நடிக்கிறான் என்றும் யோசித்தான்.

மழை விட்ட ஒரு நாள் கோட்டைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோண்டி கயிறு அறுந்து விழுந்தது. எடுக்க விண்ணனைக் கயிற்றில் இறக்கினார்கள். அவன் தலை மறைந்ததும் மலையான் விசுக்கென்று எழுந்தான். சங்கிலி எட்டும் வரைக்கும் வந்து, கயிற்றின் வால்பக்கத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு, துமேலி என்றான். முன்பு கத்தின கத்து அல்ல. ஒரு மூச்சு விட்டு ஒரு மூச்சு, அடக்கமாக, ஒரே சீராக. கிணற்றுக்குள்ளிருந்து விண்ணன் சத்தம் போட்டான். வாக்கு வருமாறு:

“அந்தாளு என்னத்துக்கு இப்பக் கத்துறான்? எவனாச்சும் அவன் வாயப் பொத்துங்கப்பா.”

பூதி கைகாட்ட, ஒருவன் மலையான் வாயைப் பொத்தினான். கொஞ்ச நேரம் கிணற்றில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு விண்ணன் குரல்:

“மேல இருக்கீங்களா? ஏய், எல்லாரும் எங்க போயிட்டீங்க? அவனக் கத்தவே விடுங்க. இங்க ஒண்ணுமே தெரியல.”

விட்டார்கள். விண்ணன் கால் தரையில் படும்வரை மலையான் அந்தச் சொல்லை நிறுத்தவில்லை, கயிற்றையும் விடவில்லை. கால் பட்டதும் இரண்டையும் விட்டுத் தூணுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பூதி ஒருவரையும் லேசில் நம்புகிறவன் அல்லன். மறுநாள் ஒரு கோணிமூட்டையைக் கிணற்றில் இறக்கச் செய்தான். மலையான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் ஆட்டை இறக்கினார்கள். பார்த்தான், பேசவில்லை. ஓர் ஆளை இறக்கினார்கள். எழுந்து வந்து துமேலி என்றான். மூன்று நாள், மூன்று வேறு ஆள். மூன்று தடவையும் அப்படியே. கயிற்றில் மனிதன் இறங்கினால் மட்டும் இவன் வாயிலிருந்து வரும் சொல் அது என்று அன்றைக்குப் பூதிக்குப் பட்டது. அதற்குமேல் யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. யோசித்தால் எங்கே போய் முடியும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது போலும்.

அந்த நிலையில்தான் தங்கள் கட்டளை வந்தது, அமாவாசைக்கு ஏழு நாள் முன்பாக. அவைப் புலவர் ஒன்பதின்மர் கூடி, பழஞ்சுவடிகளைப் புரட்டி, துமேலி என்பது வடபுலத்தார் படையை மலைமேல் ஏவும் ஆணைச்சொல் என்று கண்டதாக அதில் இருந்தது. பூதி படிப்பில்லாதவன். ஒன்பது புலவர்களோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு வக்கில்லை. ஆனால் அந்த ஒன்பதின்மரில் ஒருவராவது அந்தச் சொல்லைச் சொல்லுகிறவன் முகத்தைப் பார்த்தவர் இல்லை.

அதே வாரம் செங்கி வந்தாள். இவள் மழை விட்டதும் கணவாய் தாண்டிப் போய் மெழுகு வாங்கி வந்து விற்பவள். மலைச்சனங்கள் பேச்சு இவளுக்கும் தெரியாது. ஒரு பாறைமேல் இவள் உப்பை வைத்துவிட்டு ஒதுங்கினால், அவர்கள் வந்து மெழுகை வைத்துவிட்டு உப்பை எடுத்துப் போவார்கள். முகத்துக்கு முகம் பார்ப்பதுகூட அரிது; ஆனால் தலைமுறையாய் இந்த வழி போய்வருபவர் வாயிலிருந்து அவர்கள் வழக்கத்தை இவள் அறிந்திருக்கிறாள். அவள் வாக்கு:

“இந்தச் சத்தமா? இதக் கேட்டுக்கேட்டே என் காது தேஞ்சு போச்சு பெரியவரே. பாறையில தேன் எடுக்க ஒருத்தன் கயித்துல எறங்குவான். மேல ஒருத்தன் கயித்துக்குக் காவலு. எறங்குனவனுக்கு மேல இருக்கவன் தெரியமாட்டான். அதுக்குத்தான் இவன் சொல்லிக்கிட்டே இருப்பான். கயிறு இருக்கு, நான் எங்கயும் போவல, பயப்படாம வேலையப் பாருன்னு வச்சுக்கங்களேன். சத்தம் நின்னா எறங்குனவன் அங்கனயே பாறையப் புடிச்சு ஒண்டிக்குவான். ஊருல பொம்பளைங்க உலையப் போட்டுட்டு ஓடியாருவாங்க. நீங்க இத்தன பேரு வேலும் கம்புமா இருந்துக்கிட்டு, இதுக்கா ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சீங்க?”

அப்படியானால் அன்றைக்குக் கயிற்றின் மறுமுனையில் யார் என்று பூதி கேட்டான்.  செங்கி முதலில் விண்ணன் கையிலிருந்த வெள்ளிக் காப்பைப் பார்த்துவிட்டு, பிறகு பூதியைப் பார்த்தாள். 

மறுநாள் விடியலில் விண்ணனையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு பூதி நெட்டைப்பாறைக்குப் போனான். அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. மலையானைச் சங்கிலியோடுதான் விட்டுப் போனான். மரத்தில் அறுந்த கயிற்றின் முண்டு அப்படியே இருந்தது. கோட்டைக் கயிற்றைக் கட்டி விண்ணனை இறக்கினார்கள். பாறை உள்வாங்கும் இடத்தில் அவன் கண்ணுக்கு மறைந்தான். பூதி விளிம்பில் குந்தி, துமேலி, துமேலி என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். அறுபத்தெட்டு வயதில் வாய் கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து மேலே வந்த விண்ணன் உட்கார்ந்து சொன்ன வாக்கு:

“கீழ ஒரு திட்டு இருக்குங்க. ஆளு ஒடுங்கி உக்காரலாம். கயிறு அறுந்தப்ப அவன் விழுகல. திட்டுலதான் இருந்திருக்கான். தண்ணி சொட்டுது. தேங்கூட்டப் பிழிஞ்சு தின்னிருக்கான். மென்ன மெழுக உருண்டை புடிச்சு, நாளுக்கு ஒண்ணா வரிசையா வச்சிருக்கான் போல. எண்ணிப் பாத்தேன். பதினொண்ணு.”

பன்னிரண்டாம் நாள் காலையில் மலையான் கூவுவதை நிறுத்தினான் என்று மேலே எழுதியிருக்கிறது. அந்த நாட்களில் கிழக்கு மதில் காவலர், பள்ளத்துக்குள் பழக்கமில்லாத பறவை ஒன்று கத்துகிறது என்று பூதியிடம் இரண்டு தடவை சொன்னதுண்டு. மழைக்கு வந்த பறவையாக இருக்கும் என்று பூதி சொன்னான். இவன் இங்கிருந்து கூவியிருக்கிறான், அவன் அங்கிருந்து கேட்டுப் பதில் கூவியிருக்கிறான்; அந்தப் பதில் நின்ற பிறகே இவனும் நிறுத்தியிருக்கிறான். போகவில்லை, போகவில்லை என்று இவன் பதினோரு நாள் சொன்ன சொல்லைத்தான் புலவர் ஒன்பதின்மர் படையாணை என்று கண்டனர். பூதி வாயைக் கட்டிய பகலில் திட்டில் இருந்தவன் என்ன நினைத்திருப்பான் என்பதைப் பூதி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதைத் தங்களுக்கு எழுத அவனுக்குத் தெரியவில்லை.

திட்டில் அவனில் எஞ்சியிருந்ததை ஒரு வேட்டியில் கட்டி எடுத்துவந்தார்கள். அவ்வளவுதான் இருந்தான். பூதி தன் கையால் அந்த மூட்டையை மலையான் முன்னே வைத்தான். அவன் அவிழ்த்துப் பார்த்தான். அழவில்லை. மறுபடி கட்டினான், நாங்கள் போட்ட முடிச்சை விட்டுவிட்டுத் தன் சனத்து வழக்கத்து முடிச்சாகப் போட்டான். பூதி சங்கிலியை வெட்டச் சொன்னான், வாசலைத் திறக்கச் சொன்னான், போ என்று கைகாட்டினான். மலையான் போகவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதே தூணடியில் உட்கார்ந்துவிட்டான். தள்ளிப் பார்த்தார்கள், வாசல் வரை வந்து திரும்பி வந்தான். மூன்று நாளாய்ச் சோறு இல்லை. பேரமைச்சர் கட்டளையை மீறி மலையானை விடுவித்தாகிவிட்டது. விடுபட மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது என்று ஒரு கட்டளையிலும் இல்லை. செங்கியைக் கேட்டபோது அவள் சொன்ன வாக்கு:

“எங்க போவான்? எறங்குறவனோட பொஞ்சாதிக்குக் கூடப்பொறந்தவந்தான் எப்பவும் மேல நிப்பான். தங்கச்சி தாலிய எந்த அண்ணன் அறுப்பான், சொல்லுங்க. அந்த நம்பிக்கையிலதான் நிக்க வைக்கிறது. நின்னவன் தனியாத் திரும்பிப் போனா, கொல்ல மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. ஒருத்தி வீட்டுலயும் அவனுக்கு நெருப்பு குடுக்க மாட்டாங்க. ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. அதோட சரி. அப்படி ஒருத்தனத் தூரத்துல நானே பாத்திருக்கேன், கல்லு மாதிரி இருந்தான். இவனாக் கயித்த விடல, புடுங்கிட்டாங்கன்னு அறுத்தவன் வந்து அந்தத் தங்கச்சி முன்னாடி நின்னாத்தான் உண்டு. அறுத்தவன் எவன் வருவான்?”

வந்தால் அவனை என்ன செய்வார்கள் என்று பூதி கேட்டான். தெரியாது, இதுவரை எவனும் வந்ததில்லை என்றாள்.

விண்ணன் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நான் போகிறேன் என்று முன்னே வந்தான். பூதி விடவில்லை. வெட்டிய கை விண்ணனுடையது. வெட்டியதை மெச்சியதும், வாயைக் கட்டியதும், பறவை என்று சொன்னதும் விண்ணன் அல்லன்.

இன்று காலை பூதி ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, அதன் மறுமுனையை மலையான் கையில் கொடுத்து, வடக்கு மலையைக் காட்டினான். மலையான் கயிற்றைப் பார்த்தான், பூதியின் முகத்தைப் பார்த்தான். வெயில் தூணின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறவரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தான்.

ஆகவே பூதி விடுக்கும் ஆணையும் வேண்டுகோளும் வருமாறு. கணவாய்க்கு வடக்கே உள்ள மேடைக்காவலர், மூட்டையோடு போகும் மலையானையும் அவனோடு போகும் கிழவனையும் தடுக்காமல் விடுக. கணவாய்க் காவல் இன்று முதல் விண்ணனுடையது. ஆனியில் நடந்ததற்காக அவனைப் பேரமைச்சர் தண்டிக்க வேண்டாம், தண்டனை போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவைச் சுவடியில் துமேலிக்கு எழுதிய பொருளை அடித்துவிட்டு, செங்கி சொன்ன பொருளை எழுதுக. அவள் பேரையும் எழுதுக.

பூதி வெட்டுப்பட்ட கயிற்று முண்டை எடுத்துச் செல்கிறான். மலையானின் தங்கையான அந்தப் பெண்ணிடம் சொல்ல அவனிடம் பேச்சு இல்லை; கத்தி பட்ட வாயைக் கயிறே காட்டும். அங்கே அவனுக்கு எது நேர்ந்தாலும் அது அவளுக்கும் பூதிக்கும் உள்ள வழக்கு, இரண்டு நாட்டுக்கும் உள்ள வழக்கு அன்று. அதைச் சாக்கிட்டு ஒரு வீரனும் மலை தாண்டக்கூடாது. திரும்பி வந்தால் பூதியே வந்து தங்கள் முன் நிற்பான். வராவிட்டால் தேட வேண்டாம்.

கூகைக்கணவாய்க் கோட்டையில், ஆவணி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், எழுத்தர் நக்கன் கீற, மூன்று முறை வாசிக்கக் கேட்டு, கண்டன் பூதி தன் கையால் இலச்சினை இட்டது. மெழுகு செங்கி கொடுத்தது. இந்த ஓலை பேரமைச்சர் கையில் சேரும்போது அவன் மலையின் அப்புறத்தில் இருப்பான். நாடு வாழ்க, இதை வாசித்தவர் பின்தொடராது நிற்க.